விடுபட்டவர் பெயரையும் எழுதுங்கள்

இரண்டு இடத்திலிருந்து வந்த எக்ஸ்எம்எல் கோப்புகளை இணைத்து ஒரு பட்டியல் எடுக்கிறீர்கள். குவெரி ஓடி முடிகிறது. பிழை எதுவும் காட்டவில்லை. பட்டியல் வரிசையாக வந்து நிற்கிறது. தயவுசெய்து அதை அப்படியே மேலே அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் வராமல் போனவர் யார் என்று முதலில் பாருங்கள். நெடுவரிசைக்கு அழகான தலைப்பு வைக்கும் வேலை அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விவரம் கல்லூரியிலிருந்து ஒரு கோப்பு, பணம் போட்ட விவரம் வங்கியிலிருந்து இன்னொரு கோப்பு. எக்ஸ்எம்எல் தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எக்ஸ்குவெரியில் ஒரு ‘ஃபார்’, அதனுடன் இன்னொரு ‘ஃபார்’, இரண்டிலும் மாணவர் எண் சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இணைப்பு முடிந்தது. 2007 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இந்த மொழியைத் தரமாக அறிவித்த நாளிலிருந்து எல்லோரும் முதலில் கற்பது இந்த வடிவத்தைத்தான். வங்கிக் கோப்பில் எண் இல்லாத மாணவி இந்த விடையில் வரமாட்டாள். அவள் விடுபட்டதாக ஓர் எச்சரிக்கைகூட வராது. மொழியைக் குறை சொல்ல முடியாது, கேட்டதை அது கொடுத்துவிட்டது. கேட்டவர் நீங்கள்.

சரி என்று அவளை விடாமல் வைத்துக்கொள்ள வேறு மாதிரி எழுதுகிறீர்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ‘லெட்’ போட்டு வங்கி வரிகளைத் திரட்டி, ‘சம்’ போட்டுக் கூட்டுகிறீர்கள். இப்போது அவள் பெயர் வருகிறது, எதிரே சுழியம் என்று வருகிறது. ஏனென்றால் ஒன்றுமே இல்லாததைக் கூட்டச் சொன்னால் எக்ஸ்குவெரி 0 என்றே விடை தரும். சராசரி கேட்டாலோ வெறுமையைத் திருப்பித் தரும். அவளுக்குப் பணமே ஒதுக்கவில்லையா, ஒதுக்கிய பணம் வேறு எண்ணுக்குப் போய்விட்டதா, அவளுடைய எண் ஒரு கோப்பில் 00412 என்றும் மற்றதில் 412 என்றும் இருக்கிறதா? அந்தச் சுழியம் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்கீமா இல்லாத கோப்புகளில் இந்த இரண்டு எண்களும் வெறும் எழுத்துச் சரங்களாகத்தான் ஒப்பிடப்படும், பொருந்தாது. ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘0’ என்று எழுதுவது பொய்க் கணக்கு. தெரியாமல் எழுதினாலும் பொய்க் கணக்குதான்.

பெயரை வைத்து மனிதர்களை இணைக்காதீர்கள். டபிள்யூ3சி வெளியிட்ட மாதிரிக் குவெரிகளிலேயே இரண்டு புத்தகக் கடைகளின் விலைப்பட்டியலைப் புத்தகத் தலைப்பை வைத்து இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். பாடம் சொல்லித் தர அது போதும். அதைப் பார்த்துப் பழகிய நாம் ஆள் பெயரையும் அப்படியே இணைக்கத் துணிந்துவிட்டோம். நம் ஊரில் தலைப்பெழுத்து ஒரு கோப்பில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். அதற்கும் மேலே ஒரு கண்ணி இருக்கிறது. ‘பொன்னி’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. வழக்கமான ஒப்பீடு குறியெண்களை மட்டும் பார்ப்பதால் இரண்டும் வேறு ஆளாகிவிடும். ‘நார்மலைஸ்-யூனிகோட்’ செயற்கூறு இதைச் சரிசெய்யும். ஆனால் ‘கௌரி’யை எழுதும்போது யாரோ ஒருவர் கொம்புக்குப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருந்தால் அந்தச் செயற்கூறும் கைவிடும். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாருங்கள்.

சமக்குறியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பல மதிப்புகள் இருந்தால், ஏதாவது ஒன்று ஒத்துப்போனாலே எக்ஸ்குவெரியின் சமக்குறி சரி என்றுவிடும். தொலைபேசி எண்ணை வைத்து இணைத்தால், வீட்டு எண்ணைப் பகிர்ந்துகொண்ட அண்ணனின் பதிவு தங்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதே எண்களை வைத்துக் குழுவாக்கப் போனால் மொழி கண்டிப்பாக மறுக்கும்: குழுவுக்கு ஒரே மதிப்புதான் இருக்கலாம் என்று பிழை காட்டும். அப்போது பலரும் என்ன செய்கிறார்கள்? ஒன்று என்று அடைப்புக்குறிக்குள் போட்டு முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பிழைச் செய்தி போய்விடும், குழப்பம் போகாது. எந்த எண் சரியானது என்று தெரிந்த ஒருவரைக் கேட்காமல் அந்த ‘ஒன்று’ போடாதீர்கள்.

குழுவாக்குவதற்கு வருவோம். 2014இல் வந்த 3.0 பதிப்பில்தான் ‘குரூப் பை’ சேர்ந்தது. அதற்கு முன் தனித்த மதிப்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவுகளைத் தேடினோம். மாவட்டம் குறிக்கப்படாத பதிவு அந்த முறையில் எந்த மாவட்டத்திலும் சேராமல் காணாமல் போகும். ‘குரூப் பை’ கொஞ்சம் நேர்மையானது. மதிப்பில்லாதவற்றுக்கும் ஒரு தனிக் குழு கொடுக்கிறது. ஆனால் தலைப்பு காலியாக இருக்கிறதே, பார்க்க நன்றாக இல்லையே என்று அந்த வரியை நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீக்காதீர்கள். அந்த வரியில் இருப்பவர்களும் மனிதர்கள்.

கூட்டல் இதைவிட ஆபத்தானது. ஒரு மாணவிக்கு 5,000 ரூபாய் வீதம் மூன்று தவணை, வருகைப் பதிவு இரண்டு பருவம். மூன்று கோப்பையும் ஒன்றாக இணைத்துக் குழுவாக்கினால் ஆறு வரிகள் வரும், 15,000 ரூபாய் 30,000 ஆகிவிடும். இரட்டிப்பைக் கண்டு பதறி ‘டிஸ்டிங்க்ட்-வேல்யூஸ்’ போட்டால், ஒரே தொகையான மூன்று தவணைகளும் ஒன்றாகச் சுருங்கி 5,000 என்று வரும். இரண்டும் தவறு, இரண்டாவது கூடுதல் தவறு, ஏனென்றால் அதைச் செய்தவர் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகக் கூட்டி முடித்துவிட்டுப் பிறகு இணையுங்கள்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். ‘ரோபோடெட்’ என்று பெயர் பெற்ற திட்டம் அங்கே நடந்தது. வரித்துறையிடம் இருந்தது ஆண்டு வருமானம். அரசு உதவித்தொகை கணக்கிடப்பட்டதோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆண்டுக் கணக்கைச் சமமாகப் பங்கிட்டு, மக்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெரிவித்திருந்த வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவர் ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவர் போலத் தெரிந்தார். உதவியைத் தவறாகப் பெற்றதாக அவர்மேல் கடன் விழுந்தது. சுமார் 4,70,000 கடன்களுக்காக வாங்கிய 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக 2020இல் அரசே அறிவித்தது. 2023இல் அரச விசாரணை ஆணையம் அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சட்டத்தின் பிழையும் அதிகாரிகளின் பிழையும் அதில் உண்டு, எந்தக் குவெரி மொழியின் தலையிலும் பழியைக் கட்ட முடியாது. ஆனால் இரண்டு வேறு அளவுகோலில் இருந்த தரவுகளை ஒன்றாக ஒட்டியதுதான் அதன் அடித்தளம்.

‘இல்லாதவர்’ பட்டியல் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சமமில்லை என்ற குறியைப் போட்டு எடுக்காதீர்கள், அது ஏதாவது ஒன்று மாறுபட்டாலே சரி என்றுவிடும், கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிடுவார்கள். சமம் என்று எழுதி அதை ‘நாட்’டுக்குள் வையுங்கள். மாணவர் கோப்பிலிருந்து வங்கிக்கும், வங்கிக் கோப்பிலிருந்து மாணவருக்கும், இரண்டு திசையிலும் எடுங்கள். இணைத்த பட்டியல் முழுதுமே காலியாக வந்தால் நேம்ஸ்பேஸ் அறிவிப்பை மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள், நூற்றுக்கு நூறு பேரும் பொருந்தவில்லை என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

நேரமில்லை என்று சொல்லாதீர்கள். நாளை காலை யாருக்கோ போகவிருக்கும் அறிக்கை ஒன்று உங்கள் கணினியில் இப்போதும் இருக்கும். அதைத் திறந்து, உள்ளே வந்தவர் எத்தனை, வெளியே போனவர் எத்தனை, விடுபட்டவர் எத்தனை என்ற மூன்று எண்களையும் முதல் பக்கத்தில் எழுதி, விடுபட்டவர்களின் பட்டியலையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.