எட்டு மணிக்குப் பூட்டும் பூங்கா

மாகறல் போன்ற சிற்றூர்களில் பூங்காவின் வேலையைச் செய்வது கோயில் தெருவும் செய்யாற்றங்கரையும் பஸ் நிறுத்தமும்தான். இருட்டிய பிறகு அங்கே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் கடந்து போவார்கள். இதில் அநியாயம் இருப்பதாகவே பலருக்குத் தோன்றுவதில்லை.

பெண்கள் ஆலைகளில் இரவு வேலை செய்யக் கூடாதென்ற சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் இன்று பின்னிரவிலும் பெண்களை ஏற்றி இறக்குகின்றன. உழைக்க இரவைத் திறந்துவிட்ட சமூகம், ஓய்வாக உட்கார அதைத் திறக்கவில்லை.

நகரத்துப் பூங்காக்களில் இந்த மறுப்பைச் செங்கல்லிலேயே பார்க்கலாம். ஆளுயரச் சுற்றுச்சுவர், ஒரே கேட், நடைபாதையை ஒட்டி அடர்ந்த செடிவேலி. உள்ளே நடப்பது சாலைக்குத் தெரியாது. எதிரே ஒருவன் வழிமறித்தால் விலகிப்போக வேறு வழியும் இராது. விளக்குப் போட்டால் போதும் என்பார்கள். உயரக் கம்பத்தின் கண்கூசும் வெளிச்சம் உள்ளே நடக்கும் பெண்ணைப் பிறருக்குக் காட்டும். புதருக்கு அப்பால் நிற்பவனை அவளுக்குக் காட்டாது. வருபவரின் முகம் தெரியுமளவு தாழ்வாக, சீராகப் பரவும் வெளிச்சம்தான் தேவை. இடத்தின் அமைப்பை மாற்றினாலும் பலன் உண்டு. வியன்னாவில் ஒன்பது வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்தது கண்டு, 1999 முதல் சில பூங்காக்களைத் திருத்தினார்கள். பையன்களே பிடித்துக்கொள்ளும் ஒற்றைத் திடலாக விடாமல் இடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

சிக்கலான கேள்வி இனிமேல்தான். எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு, தள்ளுவண்டிக்காரரையும் வேலையில்லாத இளைஞரையும் காவலாளியை விட்டு விரட்டினால் பெண்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடுமா? மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ (2011) நூல் இந்த வழியை மறுக்கிறது. ஏழையை வெளியேற்றிப் பெறும் பாதுகாப்பு நியாயமாகாது என்பது சரியான வாதம். ஆனால் தனியே நடப்பவளின் பயத்தைக் கொள்கை பேசித் தள்ளிவிடவும் கூடாது. அந்தப் பயத்துக்கான விலையை அவள் மட்டுமே கொடுத்துவருகிறாள். பூட்டு அந்த விலையைக் குறைப்பதில்லை. பூங்காவையும் சேர்த்து அவளிடமிருந்து பறிக்கிறது. விரட்டப்படும் சுண்டல்காரரோ, ஆபத்தில் முதலில் குரல் கேட்கும் தூரத்தில் இருப்பவர்.

மாகறல் போன்ற ஊர்களில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு திண்ணை, தாழ்வான விளக்கு, இரவில் இட்லி விற்கும் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் இடம், பூட்டாத கழிப்பறை: ஊராட்சி இதிலிருந்து தொடங்கலாம்.