அப்துல் காதிர்: பெயரின் பொருளும் வழியும்

அப்துல் காதிர் என்பது பார்வைக்கு இரண்டு சொற்களாயினும், அறபு இலக்கணப்படி மூன்று உறுப்புகள் சேர்ந்த ஒரே தொடராகும். 'அப்து' என்பது அடியான், 'அல்' என்பது குறித்த ஒருவரைச் சுட்டும் முன்னொட்டு, 'காதிர்' என்பது ஆற்றலுடையோன். முன்னொட்டின் அகரம் ஒலியில் மறைவதால் 'அப்துல்' தனிப்பெயர் போல மயக்குகிறது. உண்மையில் அப்துல் என்று மட்டும் ஒருவரை அழைப்பது, அடியான் என்று சொல்லிவிட்டு யாருடைய அடியான் என்பதை விழுங்கிவிடுவதாகும். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியே, இறைத்திருநாமத்தோடு 'அப்து' சேர்த்துப் பெயரிடும் வழக்கத்துக்குப் பெரும் ஊக்கமாயிற்று.

காஃப், தால், ரே என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்தே அளவையும் மதிப்பையும் குறிக்கும் 'கத்ர்', இறைவிதிப்பைக் குறிக்கும் 'தக்தீர்', நோன்பு மாதத்து லைலத்துல் கத்ர் இரவின் பெயர் ஆகிய யாவும் பிறக்கின்றன. எனவே காதிர் என்பதற்கு வல்லவன் என்று மட்டும் பொருள் சொல்லி நிறுத்துவது போதாது, அளந்து விதிக்கும் வல்லமை அதனுள் அடங்கியிருக்கிறது. அடித்தொண்டையில் ஒலிக்கும் அந்தக் காஃபுக்கு அறபுத்தமிழில் தனி எழுத்து இருந்தது. தமிழ் எழுத்திலோ ககரம் ஒன்றே இருப்பதால் பெயர் காதிர், காதர் எனத் திரிந்தது.

இதே சொல்லைத் திருக்குர்ஆன் மனிதருக்கும் ஓரிடத்தில் வழங்குகிறது. 68ஆவது அத்தியாயமாகிய அல்கலமில் ஒரு தோட்டத்தின் உரிமையாளர்கள், இறைவன் நாடினால் என்ற சொல்லையும் சேர்க்காமல், விடிந்ததும் கனி பறிப்பதாகச் சத்தியம் செய்துகொண்டு, ஏழை எவரும் இன்று உள்ளே வந்துவிடக் கூடாதென்று தமக்குள் கிசுகிசுத்தபடி அதிகாலையில் புறப்படுகிறார்கள். தடுக்க வல்லவர்களாக அவர்கள் நடந்ததைச் சொல்லுமிடத்தில் 'காதிரீன்' என்ற பன்மைச் சொல் வருகிறது. ஆனால் தோட்டமோ அவர்கள் உறங்கிய இரவிலேயே அழிந்துபோயிருந்தது, வழி தவறி வேறெங்கோ வந்துவிட்டோமென்றே அவர்கள் முதலில் எண்ணினார்கள். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த புளத்கொகுபிட்டியவில் இந்தக் கதைக்கு நீண்ட உரை வேண்டியதில்லை. முந்திய மாலை கத்தியைத் தீட்டி வைத்தாலும், விடியலில் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு நின்றுவிடும் என்பது இறப்பர் மலையில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

இப்பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே பரவக் காரணமானவர், ஹிஜ்ரி 470இல், அதாவது கி.பி. 1077-78இல், காஸ்பியன் கடலுக்குத் தெற்கிலுள்ள ஜீலானில் பிறந்து, பக்தாதில் கற்றுப் போதித்து, 1166இல் அங்கேயே மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி. 'முஹ்யித்தீன்', அதாவது மார்க்கத்துக்கு உயிரூட்டியவர், என்பது அவருடைய சிறப்புப் பெயர். அவர் வழிவந்த ஞானப் பாதை காதிரிய்யா தரீக்கா எனப்பட்டது. அதே சப்ரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைக்கு அப்பால் கூரகலவில் உள்ள தப்தர் ஜெய்லானி குகையில் அவர் பாவாத மலை எனப்படும் சிவனொளிபாத மலைக்கான பயணத்தின்போது தங்கித் தியானித்தார் என்று மக்கள் நம்புகிறார்கள். இது வரலாற்றுச் சான்றால் நிறுவப்பட்டதன்று, மரபால் காக்கப்படுவது, ஆயினும் பிள்ளைக்குப் பெயர் தேடும் தகப்பனுக்கு அம்மரபே போதுமானதாக இருந்திருக்கிறது. முஹ்யித்தீன் ஆண்டகையைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயரும் சுல்தான் அப்துல் காதிர்தான்.

இலங்கையில் முதலெழுத்துகளால் பெயரைச் சுருக்கும் வழக்கம் இப்பெயருக்கு ஒரு விந்தையைச் செய்தது. முஹம்மது அப்துல் காதர் என்பவர் கடைப் பலகையில் எம். ஏ. காதர் ஆகிறார், அடியான் புள்ளி வைத்த ஓரெழுத்தாய் ஒடுங்க, ஆற்றலுடையோன் மட்டும் முழுதாய் நிற்கிறான். 'ரஹ்மான்' போல் இறைவனுக்கே உரிய பெயர்களை இவ்வாறு தனித்து மனிதருக்கு வழங்கக் கூடாதென்பர் மார்க்க அறிஞர். 'காதிர்' மனிதருக்கும் பொருந்தும் சொல்லாதலால் காதர் நானா என்று கூப்பிடுவதில் குற்றமில்லை என்பாரும் உளர். ஆயினும் அந்தக் 'காதிரீன்' விடியலில் எங்கே போய் நின்றார்கள் என்பதை ஓதியறிந்த வீட்டில், வாய்க்கு நீளமானாலும், பிள்ளையை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.