உறுப்புக் கொடையும் உவர்ப்பின்மையும்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று உவர்ப்பின்மை. நோயுற்ற உடலையும் குறையுற்ற உடலையும் கண்டு அருவருத்து ஒதுங்காமை என்பது அதன் பொருள். நோயால் நலிந்த முனிவர் வடிவில் வந்தவருக்கு முகஞ்சுளியாது பணிபுரிந்த உத்தாயண மன்னனை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். பழங்கதைதானே என்று இதனைக் கடந்துவிடலாகாது. மாற்றுறுப்புக்காக மக்கள் காத்திருக்கும் மருத்துவமனைகளில் இவ்வறம் இன்றும் சோதிக்கப்படுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்ட்ரா ஜென்சன் என்றொரு பெண்மணி வாழ்ந்தார். டவுன் சின்ட்ரோம் எனும் பிறவிக் குறையுடையவர். தம்மைப் போன்றோரின் உரிமைக்காகப் பாடுபட்டவர். இதயத்தையும் நுரையீரலையும் மாற்றவேண்டிய நிலை அவருக்கு வந்தபோது, 1995-இல் இரண்டு மருத்துவமனைகள் மறுத்துவிட்டன. சிகிச்சைக்குப்பின் மருந்துகளை முறையாக உட்கொள்ள அவரால் இயலாது என்று காரணம் கூறப்பட்டது. மக்கள் குரலெழுப்பிய பின்னர் அவற்றுள் ஒன்று முடிவை மாற்றிக்கொண்டு, 1996 ஜனவரியில் சிகிச்சை செய்தது. குறைபாட்டைக் காரணங்காட்டி மாற்றுறுப்பு மறுத்தலைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் அம்மாநிலத்தில் 1996-இல் பிறந்தது. 1997 மே மாதத்தில் அவ்வம்மையார் காலமானார்.

அநேகாந்தம் பயின்ற நாம் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கிடைக்கும் உறுப்புகள் சில, வேண்டுவோர் பலர். ஒருவர்க்கு அளித்தால் மற்றொருவர்க்கு இல்லை. ஆதலின், பொருத்தப்படும் உறுப்பு நிலைத்து இயங்குமா என்று ஆராய்வது மருத்துவரின் கடமையே. ஆனால் 'இவ்வுறுப்பு இவ்வுடலில் இயங்குமா?' என்பது ஒரு வினா. 'இவருடைய வாழ்வு காக்கத்தக்கதா?' என்பது வேறொரு வினா. முன்னதற்கு மருத்துவ நூல் விடை கூறும். பின்னதற்கு விடை கூறும் அதிகாரம் எவர்க்கும் இல்லை. பின்னது முன்னதன் வேடம் பூண்டு வருவதே இங்குள்ள இடர்.

போலியோவால் கால் சூம்பியவருக்குப் பொருத்திய சிறுநீரகம் அவருடைய காலைக் கேட்டு இயங்குவதில்லை. தாமே மருந்தெடுத்து உண்ண இயலாதவருக்கு உற்றார் எடுத்துக் கொடுக்கலாம். தக்க துணை கிடைக்குமாயின் குறைபாடுகள் பலவும் சிகிச்சையின் வெற்றிக்குத் தடையாவதில்லை என்று, அமெரிக்க அரசின் தேசிய மாற்றுத்திறனாளிகள் மன்றம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பார்வை குறைந்த மாணவனைக் கரும்பலகைக்கு அருகே அமர்த்துவது சலுகையன்று. அது கற்பித்தலின் ஒரு பகுதி. துணையளித்தலும் அவ்வாறே சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

பதினாறு மாதங்களே வாழ்ந்தவருக்கு அளித்த உறுப்பு வீணன்றோ என்று சிலர் வினவலாம். குறைபாடு ஏதுமில்லாதவருக்கும் இத்தகைய சிகிச்சை பயனளியாது போவதுண்டு. அப்போது அவரைத் தேர்ந்தது தவறென்று நாம் கூறுவதில்லை. மேலும், மக்கட்பிறவியின் அருமையை ஓதி வளர்ந்த நமக்குப் பதினாறு மாதங்கள் சிறு பொழுதாகுமா?

'அவரவர் வினை' என்று கூறி அமைதிகொள்வாரும் நம்மிடையே உண்டு. உடலின் அமைப்பு நாமவினையால் வருவது. அறிவின் மறைப்பு ஞானாவரணீயத்தால் வருவது. இரண்டும் உயிரின்மேல் படிந்தவையேயன்றி உயிரின் இயல்பு அல்ல. கடையிலா அறிவும் கடையிலா இன்பமும் எல்லா உயிர்க்கும் இயல்பாதலின், உடலை வைத்து உயிரை அளத்தல் நம் கொள்கைக்கே முரணாகும். பிறர்வினையை எண்ணி நாம் கையை மடக்கினால், அவ்விரக்கமின்மை நமக்குப் புதுவினையாகக் கட்டும்.

நம் நாட்டில் 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டமும், 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. தமிழகத்தில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் 2008-இல் தொடங்கிற்று. இறந்தபின் உறுப்புகளை அளிக்க இசையும் குடும்பம், பெறுபவர் நடப்பாரா, பேசுவாரா என்று கேட்டு அளிப்பதில்லை. மருந்துக் கொடையும் அடைக்கலக் கொடையும் ஒருங்கே அமைந்த தானம் அது. கொடுப்பவர் பார்க்காத வேற்றுமையைப் பங்கிடுபவர் பார்த்தல் முறையாகாது. உறுப்புக் கொடைக்கு உறுதியளிக்க எண்ணும் நம் குடும்பத்தார், அது உடற்குறையுடையார்க்கும் ஒப்பச் சென்றுசேர வேண்டும் என்பதையும் வற்புறுத்துவாராக. உவர்ப்பின்மை நம் இல்லங்களில் தொடங்கட்டும்.