அணியும் அதன் வடிவமும்

சீடன்: ஆர் மொழியில் 1 முதல் 6 வரையுள்ள எண்களை 'மேட்ரிக்ஸ்' செயற்கூற்றிடம் கொடுத்து 2 நிரை கேட்டால், முதல் நிரையில் 1, 3, 5 வருகின்றன. 1, 2, 3 அல்லவா வர வேண்டும்?

குரு: எண்கள் நிரல் நிரலாக, மேலிருந்து கீழே நிரம்புகின்றன. 1976இல் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய எஸ் மொழி ஃபோர்ட்ரான் மேல் கட்டப்பட்டது. அந்த வழக்கம் அதன் வாரிசான ஆர் மொழிக்கும் வந்தது. நிரை வாரியாக நிரப்ப 'பைரோ' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும்.

சீடன்: ஆக்கினால் நினைவகத்திலும் நிரை நிரையாக அமையுமா?

குரு: அமையாது. அங்கே 1, 4, 2, 5, 3, 6 என்றே கிடக்கும். 'பைரோ' நிரப்பும் முறையை மட்டுமே மாற்றும். நினைவகத்தில் கட்டம் என்று எதுவும் கிடையாது. இருப்பது ஒரே வரிசையாக நீளும் வெக்டர். அதன்மேல் 'டிம்' என்ற பண்பு. அதில் 2, 3 என இரண்டு எண்கள். இவ்வளவுதான் அணி.

சீடன்: குணம் நீங்கினால் குணி என்னாகும் குருவே?

குரு: 'டிம்' பண்பை 'நல்' ஆக்கிப் பார். ஆறு எண்களும் அப்படியே நிற்கும். அணி மட்டும் இராது. 3, 2 என மாற்றினால் அவையே 3 நிரை, 2 நிரல் ஆகும். 2, 4 என்றாலோ பிழைச் செய்தி வரும்: இடம் எட்டு, எண் ஆறு.

சீடன்: அப்படியானால் வடிவம் வெறும் தோற்றமா?

குரு: தோற்றம் என்று தள்ளிவிட முடியாது, அது கணக்கில் இறங்கி வேலை செய்கிறது. 2 நிரை, 3 நிரல் அணியில் முதல் நிரை, மூன்றாம் நிரல் என்று கேட்டால், முந்திய 2 நிரல்களின் 4 எண்களைத் தாண்டி ஐந்தாவதை ஆர் எடுத்துத் தரும். 'டிம்' இன்றி இந்தக் கணக்கே இல்லை.

சீடன்: 'மேட்ரிக்ஸ்' செயற்கூறும் எண்ணிக்கை தவறினால் தடுக்குமா?

குரு: அது தாராளம் மிகுந்தது. ஆறு இடத்துக்கு இரண்டே எண் கொடுத்தாலும் வாய் திறக்காமல் திரும்பத் திரும்ப இட்டு நிரப்பிவிடும். ஆகவே ஆக்கிய கையோடு சோதிக்க வேண்டும். 'எஸ்டிஆர்' செயற்கூறு ஒரே வரியில் எண்ணின் வகை, நிரை நிரல் எல்லை, முதல் சில மதிப்புகள் மூன்றையும் காட்டும். எண்களிடையே ஒரு சொல் புகுந்தாலும் எல்லாமே எழுத்து வகையாகிவிடும்; அதையும் அந்த வரி காட்டிக்கொடுக்கும். 'கிளாஸ்' கேட்டால் 2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து 'மேட்ரிக்ஸ்', 'அரே' என இரண்டு விடை வரும். ஒரே விடையை நம்பி எழுதிய பழைய நிபந்தனைகள் அதனால் தடுமாறின. 'இஸ்.மேட்ரிக்ஸ்' என்று கேட்பதே முறை.

சீடன்: முறையாக ஆக்கிச் சோதித்த அணி பிறகு மாறாதே?

குரு: ஒரு நிரையை மட்டும் வெட்டி எடுத்தால் ஆர் 'டிம்' பண்பைத் தானே கழற்றிவிடும். நிபந்தனைக்குப் பல நிரைகள் தேறும்வரை ஒழுங்காக ஓடிய கட்டளை, ஒன்றே ஒன்று தேறும்போது 'அப்ளை' செயற்கூற்றில் வந்து முறியும். வெட்டும்போதே 'டிராப்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் அந்த ஒன்றும் 1 நிரை, 3 நிரல் கொண்ட அணியாகவே கிடைக்கும்.