யார் செய்த குற்றம்?



பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டபோது, அவனுக்கு என்ன உதவி செய்யலாம் என்று சீஷர்கள் கேட்கவில்லை. குற்றம் இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்றே கேட்டார்கள். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். சேசுநாதரோ இருவர் பேரிலும் குற்றஞ் சாட்டாமல், அவனுக்குப் பார்வை கொடுத்தருளினார்.

கொரோனா வந்தபோது நாமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டோம். 2021-ம் வருஷம் மே மாதக் கடைசியில், அன்றாடம் காணும் புதிய நோயாளிகளின் கணக்கில் நமது கோயமுத்தூர் சென்னையையும் மிஞ்சிற்று. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி நிரம்பிற்று. நாமோ வாசலில் காகிதம் ஒட்டிய வீட்டைக் காட்டி, "இவன்தான் கொண்டுவந்தான்" என்றோம்.

அந்தக் கிருமி உலகத்தில் முதலில் வந்தது எப்படி? 2019 டிசம்பரில் சீன தேசத்து ஊகான் நகரில் நோய் காணப்பட்டது. வௌவாலிடமிருந்து நேராகவோ, வேறொரு மிருகத்தின் வழியாகவோ மனிதரைத் தொற்றியது என்பது ஒரு பட்சம். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்து என்பது மறு பட்சம். உலக சுகாதார ஸ்தாபனம் நியமித்த நிபுணர் குழு 2025 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. கிடைத்த சான்றுகள் மிருகங்களின் பக்கமே சாய்கின்றன. ஆயினும் சீனாவிடம் கேட்ட விவரங்கள் பல வராதபடியால், மற்றதைத் தள்ளிவிடவும் இயலாது என்றார்கள்.

இத்தகைய ஆராய்ச்சி வீண் வேலையல்ல. 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக் பின்பு நமது ஊரையும் வாட்டியது. பிளேக் மாரியம்மன் என்னும் பெயருள்ள கோயில்கள் அதற்கு இன்றும் அத்தாட்சி. நோய் பரவும் விதத்தைப்பற்றி அந்நாளில் பலர் பலவாறு சொன்னார்கள். 1898-ல் போல் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே அதைக் கடத்துகிறது என்று கராச்சியில் சோதித்துக் காட்டினார். நம்பினவர் சிலரே. சில வருஷங்களுக்குப் பின் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகளே அவர் சொன்னது மெய்யென்று ஸ்தாபித்தன. நோய் வந்த வழி தெரிந்த பிறகே, தடுக்கும் வழியும் தெளிவாயிற்று.

ஆகையால் சத்தியத்தைத் தேடுவது நன்று. அதை மறைப்பது தோஷம். தேடி முடியுமுன் பிறன் தலையில் குற்றத்தைச் சுமத்துவதும் எட்டாம் கற்பனைக்கு விரோதமே. கற்றறிந்தவர்கள் வருஷக்கணக்காய்த் தேடியும், "இன்னும் நிச்சயமில்லை" என்று சொல்ல வெட்கப்படவில்லை. நாமோ டீக்கடைப் பெஞ்சிலிருந்தே ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னோம்.

அந்நாளில் நீங்கள் விரல் நீட்டிய வீடு ஒன்று நினைவுக்கு வருகிறதா? ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவர் அந்த வீட்டிலும் இருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னால் மாத்திரம் போதாது; கெடுத்த பேரைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த வாரமே அந்த வாசற்படியை மிதியுங்கள். வார்த்தை வராவிட்டால், "சௌக்கியமா?" என்று கேட்டாவது தொடங்குங்கள்.

சத்தியமும் பிறர்சிநேகமும் நம்மிடத்தில் பிரியாதிருக்க, சர்வேசுரன் வரப்பிரசாதம் தந்தருள்வாராக. ஆமென்.