இடமும் உயரமும்

தாழ்ந்த விளையாட்டுக் காரொன்றைப் பல்லாண்டு ஓட்டிய ஒருவன், நடுவயதிலே அதனை விற்று, விசாலமான எஸ்.யூ.வி. ஒன்றை வாங்குகிறான். ஐக்கிய அமெரிக்காவிலே இது சர்வசாதாரணமான நிகழ்ச்சி. குழந்தையின் இருக்கையைப் பொருத்தப் பழைய காரில் இடமில்லை. முதிய தாயாரால் அத்துணை தாழக் குனிந்து ஏற இயலவில்லை. அவனது முழங்காலும் முன்போலில்லை. இவை மெய்யான காரணங்கள். இவற்றை ஆடம்பரமென எள்ளுவோர் முதியோரைக் காரில் ஏற்றி இறக்கி அறியாதவராதல் வேண்டும். ஆயினும் இம்மாற்றம் அவனது சொந்த வசதியோடு முடிந்துவிடுவதா, அன்றி ஒழுக்கவியலின் எல்லைக்குள்ளும் வருவதா என்பது ஆராயத்தக்கது.

அவனுக்கு வேண்டியது இடம். அவன் வாங்குவதோ இடத்தோடு கூடிய உயரமும் எடையும். இவை பிரிக்கவொண்ணாதன அல்ல. பின்புறம் நீண்ட 'ஸ்ரேஷன் வாகன்' கார்கள் ஒருகாலத்தில் அமெரிக்கக் குடும்பங்களுக்குப் போதுமானவையாயிருந்தன. 1973 இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1975 இல் எரிபொருட் சிக்கனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி கார்களுக்கு ஒரு தராதரமும், இலகு லொறிகளுக்கு அதனிலும் தளர்ந்த தராதரமும் ஏற்பட்டன. வாகன், கார் எனக் கணிக்கப்பட்டது, எஸ்.யூ.வி.யோ பெரும்பாலும் இலகு லொறியெனக் கணிக்கப்பட்டது. உற்பத்தியாளர் எப்பக்கம் சாய்ந்தனர் என்பதைக் கூறவேண்டியதில்லை. விளையாட்டுக் கார்களாற் புகழ்பெற்ற போர்ஷ நிறுவனமே 2002 இல் கயென் என்னும் எஸ்.யூ.வி.யை வெளியிட்டது.

ஒருவனுக்கு இடம் பெருகுவதனால் அயலானுக்கு அது குறைவதில்லை. உயரம் அத்தகையதன்று. முன்செல்லும் கார்களுக்கு மேலாக நோக்கும் வசதி, அவை தாழ்ந்திருக்கும்வரையே நிலைக்கும். பின்னே வருபவனுக்கு வீதி மறைகிறது. அவனும் உயர்ந்ததொன்றை வாங்குகிறான். பிறர் நிலையைப் பொறுத்தே மதிப்புப்பெறும் இத்தகைய பொருள்களைப் பற்றிப் பிரெட் ஹேர்ஷ் 1976 இலேயே விரிவாக எழுதினார். எல்லோருக்கும் விதியாகத்தக்க நெறிப்படியே ஒருவன் ஒழுகவேண்டும் என்ற கான்றின் அளவுகோல் இங்கு நன்கு பொருந்துகிறது. எல்லோரும் உயர்ந்தால் எவரும் உயர்ந்தவரல்லர்.

பாதுகாப்பின் கதை இதனினும் கடுமையானது. பெரிய வாகனத்தில் இருப்போர் தவிர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மரண விபத்துக்கும் ஈடாக, பிறரைப் பலிகொள்ளும் விபத்துகள் குறைந்தது 4.3 மேலதிகமாக நிகழ்வதாக மிஷேல் வைற் என்னும் பொருளியலறிஞர் 2004 இல் மதிப்பிட்டார். தாழ்ந்த முன்புறம் பாதசாரியின் காலிலே மோதுகிறது; உயர்ந்ததோ நெஞ்சிலும் தலையிலும் மோதுகிறது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வாகனங்கள், 30 அங்குலத்துக்கு மேற்படாத சரிந்த முன்புறமுடையவற்றைவிடப் பாதசாரிக்கு மரணம் விளைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகமென, அமெரிக்கக் காப்புறுதியாளரின் வீதிப் பாதுகாப்பு நிறுவகம் 2023 இல் கண்டது.

தன் பிள்ளையை முதலிற் காப்பது தந்தையின் கடனன்றோ எனக் கேட்கலாம். கடனே. ஆனால் தன் பிள்ளைக்கு முதலிற் சோறிடுவது வேறு. அச்சோற்றை அயலான் பானையிலிருந்து எடுப்பது வேறு. இங்கு அந்த அயலானுக்கு முகமில்லை என்பதே சிக்கல். எஸ்.யூ.வி. ஓட்டுவோரிற் பெரும்பாலார் வாழ்நாளில் எவரையும் மோதப்போவதில்லை. விளையாட்டுக் காரும் குற்றமற்றதன்று. அதன் வேகமும் உயிர் குடித்ததுண்டு. எனினும் வேகத்தைச் சாரதி விரும்பினாற் குறைக்கலாம். வாங்கிய உயரத்தை எவ்வளவு நிதானமாக ஓட்டியுங் குறைக்கவியலாது.

தனிமனிதரின் மனச்சாட்சிக்கு விடாது, இதற்கு விலை குறிக்கவும் ஒரு நகரம் முயன்றது. 2024 பெப்ரவரியிற் பாரிஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. 1.6 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ள எரிபொருட் கார்களுக்குத் தரிப்புக் கட்டணத்தை மும்மடங்காக்க, வாக்களித்தோரில் ஏறத்தாழ 54.5 சதவீதத்தினர் இசைந்தனர். வாக்களிக்க வந்தோர் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. தத்தம் வதிவிடப் பகுதியிலே காரை நிறுத்தும் பாரிஸ் வாசிகளுக்கு அக்கட்டணத்திலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தது.