கட்டளையும் விவேகமும்

திருவனந்தபுரம் நகரின் வடபால் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள கழக்கூட்டம், இன்று டெக்னோபார்க் கணினி வளாகத்தால் பலரும் அறிந்த ஊர். 1990-இல் அவ்வளாகம் தோன்றுவதற்கு முன்னரே, 1962-இல், சைனிக் பள்ளி அங்கு நிறுவப்பெற்றது. அருகில் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம் உள்ளது. இன்னும் சற்றுத் தொலைவில் செம்பழந்தி. 1856-இல் ஸ்ரீ நாராயண குரு அவதரித்த கிராமம். போர்வீரனின் ஒழுங்கு, அறிஞனின் ஆராய்ச்சி, ஞானியின் தவம் ஆகிய மூன்றுக்கும் இவ்வட்டாரம் இடமளித்திருக்கிறது. இம்மூன்றும் ஓர் இளைஞனின் உள்ளத்திலும் ஒருங்கே வாழ இயலுமா என்பதே நம் சிந்தனைக்குரிய கேள்வி.

நம் நாட்டில் முப்படைகளின் துணையோடு கல்லூரி மாணாக்கருக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பது தேசிய மாணவர் படை. ஆங்கிலேயர் காலத்தில் பல்கலைக்கழகங்களில் இயங்கிய பயிற்சிப் படையே இதன் முன்னோடி. 1946-இல் பண்டித இருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது உருவாயிற்று. இதில் சேரும் மாணவன் போர்முனைக்குச் செல்லக் கடமைப்பட்டவன் அல்லன். ஆகவே, படைக்கு ஆள் சேர்ப்பதைக் காட்டிலும் பண்புள்ள குடிமகனை ஆக்குவதே இதன் முதல் நோக்கம் எனலாம். 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது இதன் குறிக்கோள் வாசகம்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. பல்கலைக்கழகம் 'ஏன்?' என்று வினவக் கற்பிக்கிறது. அணிவகுப்பு மைதானமோ, 'சாவ்தான்' என்ற குரல் கேட்ட கணமே அசைவற்று நிற்கக் கற்பிக்கிறது. கீழ்ப்படிந்து பழகியவனின் விவேகம் மழுங்கிவிடாதா? பிறர் சொற்படி நடப்பவன் எங்ஙனம் தலைவனாவான்?

ஆன்மிக சாதகர்கள் இதற்கு ஒரு பாதி விடையை முன்பே அறிவார்கள். விடியலில் எழுவது, உடல் ஓய்வை நாடும்போது அதை நிமிர்த்தி நிறுத்துவது, விருப்பு வெறுப்பைப் பொருட்படுத்தாமல் வகுத்த கடமையைச் செய்வது ஆகிய இவையாவும் தமோகுணத்தை வெல்லும் பயிற்சிகள். தன் சோம்பலுக்கு அடிமையாய் இருப்பவன் தன்னைச் சுதந்திரமானவன் என்று எண்ணுவது மயக்கமே. தன் மனத்திற்கே கட்டளையிட இயலாதவன் பிறருக்கு வழிகாட்ட இயலாது.

ஆனால் இது பாதி விடைதான். 1962-இல் நிகழ்ந்த சீனப் போருக்குப் பின், 1963-இல் இப்பயிற்சி கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. கட்டாயம் உடலை வரிசையில் நிறுத்தும். உள்ளத்தை நிறுத்துவதற்கு இசைவு வேண்டும்.

அதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. ஒரு முகாமைக் கற்பனை செய்வோம். பதவிப் பட்டை அணிந்த மூத்த மாணவன் ஒருவன், புதிதாக வந்த எளிய மாணவனை எல்லோர் முன்னிலையிலும் இழிவுபடுத்துமாறு மற்றொருவனைப் பணிக்கிறான். அவன் என்ன செய்ய வேண்டும்? 'சொன்னதைச் செய்தேன்' என்பது போதிய விடையாகுமா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடந்த விசாரணையில், மேலிடத்து உத்தரவு என்ற சமாதானம் குற்றத்தினின்று விடுவிக்கும் காரணமாக ஏற்கப்படவில்லை. நமது 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும், சட்டபூர்வமான கட்டளையை மீறுவதையே குற்றமென்கிறது. கீழ்ப்படிதலை உயிராகக் கொண்ட படையே, அதற்கு ஓர் எல்லையும் வகுத்திருக்கிறது.

ஒவ்வொரு வீரனும் ஒவ்வொரு கட்டளையையும் விவாதித்தால் படை நிலைக்குமா என்று கேட்கலாம். நிலைக்காது. ஆகவே மாணவன் தன்னுள் ஓர் உரைகல்லை வைத்துக்கொள்ள வேண்டும். கட்டளை என் சுகத்தைக் கேட்கிறதா? மறுபேச்சின்றிக் கொடுப்பேன். பிறருக்கு அநீதி செய்யக் கேட்கிறதா? பணிவுடன் மறுப்பேன்; மறுப்பின் விளைவையும் ஏற்பேன். சுகத்தைத் துறந்து பழகாதவனின் மறுப்பில் சோம்பல் ஒளிந்திருக்கக்கூடும். துறந்து பழகியவனின் மறுப்புக்கோ தார்மிக வலிமை உண்டு. ஒழுங்கும் விவேகமும் பகையல்ல என்பது இங்கே விளங்குகிறது.

போர்க்களத்தில் பிறந்த கீதையும் இதையே உணர்த்துகிறது. பகவான் அர்ஜுனனுக்கு வெறும் ஆணையிட்டு நிறுத்தவில்லை. அவனது ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு விளக்கி, இறுதி அத்தியாயத்தில், முழுவதும் ஆராய்ந்து விரும்பியவாறு செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார்.

செம்பழந்தியில் பிறந்த மகானை நினைவுகூர்வோம். அவர் எந்தப் படைப் பதவியும் தாங்கவில்லை, எவரையும் அச்சுறுத்தவில்லை. 1888-இல் அருவிப்புறத்தில், அக்காலச் சாதி வழக்கத்தின் தடையைக் கடந்து, சிவனைப் பிரதிஷ்டை செய்தார். இழிவுபடுத்தப்பட்ட மக்கள் அவரைப் பின்பற்றி நிமிர்ந்து நின்றனர். தன்னை வென்றவனின் சொல்லுக்குப் பட்டையும் பதக்கமும் வேண்டுவதில்லை.

1932-இல் டேராடூன் இராணுவ அகாடமியில், நாட்டின் நலனை முதலிலும், தன் கீழுள்ளோர் நலனை அடுத்தும், தன் நலனை எப்போதும் கடைசியிலும் வைக்குமாறு இளம் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. தலைமைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் தேடவேண்டியதில்லை. அது கர்மயோகத்தின் இலக்கணமும் ஆகும்.

சீருடை அணியும் இளைஞர்களே! 'சி' சான்றிதழும் அதனால் கிட்டும் சலுகைகளும் உங்கள் உழைப்புக்குரிய ஊதியம்; பெறுங்கள். ஆனால் பயிற்சியின் பயனை அளக்க வேறோர் அளவுகோல் உண்டு. உங்கள் வரிசையில் தளர்ந்து பின்தங்கும் ஒருவன், உங்களைக் கண்டு அஞ்சுகிறானா, ஆறுதல் கொள்கிறானா? அவன் ஆறுதல் கொள்வானாயின், உங்கள் பயிற்சி பலித்தது.